கேமரா மாட்டியாயிற்று, தண்ணீர்த் தொட்டிக்குப் பூட்டு எங்கே?

மண்டபம் பக்கம் நண்டுச் சதையும் கொஞ்சம் கணவாயும் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் தர மேலாளர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் சரக்கு எடுப்பவர் "உங்கள் ஃபுட் டிஃபென்ஸ் திட்டத்தை அனுப்புங்கள்" என்று எழுதியிருக்கிறாராம். "எங்களிடம் ஹாசப் இருக்கிறது, பதினாறு கேமரா இருக்கிறது, வாசலில் காவலாளி இருக்கிறார். இந்த ஊரில் யார் வந்து நண்டில் விஷம் வைக்கப்போகிறார்கள்? இதற்கும் ஒரு கோப்புப் போட்டு அடுக்க வேண்டுமா?" என்பது அவருடைய கேள்வி. (ஃபுட் டிஃபென்ஸ் என்றால் உணவில் யாரும் வேண்டுமென்றே நஞ்சு கலக்காமல் காப்பது. ஹாசப் என்றால் தயாரிப்பில் தற்செயலாக நேரும் தவறுகளைக் கண்காணிக்கும் முறை.) அதில் தெரியும் அலுப்பு நியாயமானது. ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்களுக்கு வருடா வருடம் ஒரு புதுக் கோப்பு வந்து சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆனால் கேள்வியிலேயே ஒரு பிசகு இருக்கிறது. "யார் வந்து" என்கிறீர்கள். வெளியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. உணவு ஆலைகளில் வேண்டுமென்றே நஞ்சு கலக்கப்பட்டு உலகம் அறிய வெடித்த வழக்குகளை எடுத்துப் பாருங்கள். அடையாள அட்டை போட்டுக்கொண்டு, முறைப்படி கை கழுவி, தொப்பி அணிந்து உள்ளே போன ஆள்தான் கடைசியில் அகப்பட்டிருக்கிறார்.

ஜப்பானில் 2013 இறுதியில் நடந்தது உங்கள் தொழிலுக்கு மிக நெருக்கமானது. கடல் உணவில் அந்நாட்டின் பெரிய பெயர்களில் ஒன்றான மருஹா நிச்சிரோவின் துணை நிறுவனம் அக்லி ஃபுட்ஸ். குன்மா மாகாணத்தில் இருந்த அதன் ஆலையிலிருந்து போன உறைய வைத்த பீட்சா, குரோக்கெட் போன்றவற்றில் ஏதோ வாடை அடிக்கிறது என்று நவம்பர் நடுவிலேயே வாடிக்கையாளர்கள் புகார் சொல்லத் தொடங்கினார்கள். சரக்கைத் திரும்பப் பெறும் அறிவிப்பு டிசம்பர் 29 அன்றுதான் வந்தது. கலந்திருந்தது மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லி. திரும்பப் பெற வேண்டியிருந்த பொட்டலங்கள் சுமார் 64 லட்சம். 2014 ஜனவரியில் கைதானவர் அதே ஆலையின் ஒப்பந்தத் தொழிலாளி. சம்பளத்திலும் நடத்தப்பட்ட விதத்திலும் அவருக்கு இருந்த மனக்கசப்பு விசாரணையில் வெளிவந்தது. மூன்றரை ஆண்டு சிறை. இத்தனைக்கும் உணவுச் சுகாதாரத்தில் உலகுக்கே பாடம் எடுக்கும் நாடு அது.

அதற்கு முன் 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் சீனாவின் ஹெபெய் மாகாணத்து ஆலையில் செய்த உறைய வைத்த கொழுக்கட்டையைத் தின்று ஜப்பானில் பத்துப் பேர் நோயுற்றார்கள். அதிலும் பூச்சிக்கொல்லிதான். அதிலும் உள்ளாள்தான்: ஆலை உணவகத்தில் தற்காலிக வேலை பார்த்தவர். அவருடைய மனத்தாங்கலும் ஊதியத்தையும் போனஸையும் பற்றியதுதான். 2014-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. கலந்தவர் ஒருவர், தின்றவர்கள் பத்துப் பேர். ஆனால் இரண்டு நாட்டு அரசுகள் மாதக்கணக்கில் ஒன்றையொன்று குறை சொல்லிக்கொண்டிருந்தன.

உங்கள் ஹாசப் இதையெல்லாம் பிடிக்குமா? பிடிக்காது. அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல. சதை எவ்வளவு நேரம் ஐஸ் இல்லாமல் இருந்தது, பாஸ்டரைஸ் தொட்டி 85 டிகிரியைத் தொட்டு வேண்டிய நேரம் நின்றதா, டப்பாவின் சீம் (மூடி விளிம்பு) சரியாக மடிந்ததா என்று அது பார்க்கிறது. எல்லாம் தவறிப்போவதைப் பற்றியவை. தவறுக்கு ஒரு வாடிக்கை உண்டு. சித்திரை வெயிலில் ஐஸ் கரையும், இரவு ஷிப்டில் தெர்மாமீட்டர் பார்ப்பது தள்ளிப்போகும். அந்த வாடிக்கையைத் தெரிந்துகொண்டு காவல் வைப்பதுதான் ஹாசப். மனதில் வஞ்சம் வைத்திருப்பவனுக்கு அப்படி ஒரு வாடிக்கை கிடையாது. உங்கள் ஹாசப் பதிவேட்டைத் தினமும் அழகாக நிரப்பிக் கையெழுத்துப் போடுபவராகக்கூட அவர் இருக்கலாம்.

இனி, அந்த அமெரிக்கர் ஏன் கேட்கிறார் என்பது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அங்கே 2002-ல் ஒரு சட்டம் வந்தது. அமெரிக்காவுக்கு உணவு அனுப்பும் வெளிநாட்டு ஆலைகள் எஃப்.டி.ஏ. என்ற அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவு செய்வதும் சரக்கு வரும் முன் தகவல் கொடுப்பதும் அதிலிருந்து வந்தவைதான். 2011 ஜனவரியில் உணவுப் பாதுகாப்பு நவீனமயச் சட்டம் கையெழுத்தானது. அதன்கீழ் 2016 மே மாதம், பொதுமக்களுக்குப் பெருந்தீங்கு செய்யும் நோக்கத்தோடு நடக்கும் கலப்படத்தைத் தடுக்க ஒரு தனி விதி வெளியானது. பெரிய கம்பெனிகளுக்கு 2019 ஜூலையிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. கடல் உணவு ஆலைகளுக்கு ஏற்கெனவே ஹாசப் விதி இருப்பதால் அந்தச் சட்டத்தின் வேறு சில விதிகளிலிருந்து விலக்கு உண்டு. இந்த விதியில் அந்த விலக்கு இல்லை. இதைப் பலர் தவறாகவே புரிந்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு விலக்கு உங்களுக்குப் பொருந்தலாம். துணை நிறுவனங்களையும் சேர்த்து ஆண்டுச் சராசரி விற்பனை சுமார் ஒரு கோடி டாலருக்குக் கீழே இருந்தால் நீங்கள் "மிகச் சிறிய" கம்பெனி. (பணவீக்கத்துக்கு ஏற்ப அந்த வரம்பு மாற்றப்படுகிறது.) அப்போது சட்டப்படி முழுத் திட்டம் வேண்டாம். கேட்டால் விற்பனைக் கணக்கைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வாங்குபவர் அதோடு விடமாட்டார். பி.ஆர்.சி., எஃப்.எஸ்.எஸ்.சி. 22000 போன்ற சான்றிதழ்கள் எல்லாமே இன்று இதைத் தனியாகக் கேட்கின்றன. ஆக, சட்டத்துக்கு வேண்டாம் என்றாலும் வியாபாரத்துக்கு வேண்டும்.

சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. நம் கடற்கரைக்கு அதுதான் முக்கியம். நண்டுத் தொழில் இங்கே எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாக் நீரிணைப் பக்கம் தொண்டி, தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, மன்னார் வளைகுடாப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி என்று நாட்டுப்படகில் வரும் நண்டு முதலில் ஊருக்குள் இருக்கும் சிறு ஷெட்டுக்குப் போகிறது. அங்கே வேகவைத்து, ஆறவைத்து, ஓடு கழற்றி, பெண்கள் சுற்றி உட்கார்ந்து சதை எடுக்கிறார்கள். ஜம்போ, லம்ப், ஸ்பெஷல், கிளா என்று பிரித்து டப்பில் போட்டு ஐஸில் புதைத்து வண்டியில் ஏற்றி பெரிய ஆலைக்கு அனுப்புகிறார்கள். ஆலையில் ஓட்டுத் துணுக்கு பார்த்து, டப்பாவில் அடைத்து, பாஸ்டரைஸ் செய்கிறார்கள். அமெரிக்கப் பதிவு கடைசி ஆலைக்குத்தான் வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே இன்னொரு ஆலையில் மறுபடி பதப்படுத்தப்படும் சரக்கைச் செய்யும் இடம் பதிவு செய்ய வேண்டியதில்லை. அதாவது அதிகமான கைகள் படும் ஷெட்டை எந்த அமெரிக்க விதியும் நேரடியாகத் தொடுவதில்லை. உங்கள் திட்டம் ஆலையின் வாசலில் ஆரம்பித்து ஆலையின் வாசலில் முடிந்தால், காகிதத்தில் சரியாக இருக்கும், அவ்வளவுதான்.

சரி, எங்கே காவல் வைப்பது? எல்லா இடத்திலும் வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். அந்த விதி ஒவ்வொரு செய்முறைப் படியையும் மூன்று கேள்வியால் நிறுக்கச் சொல்கிறது. இங்கே கைவரிசை காட்டினால் எத்தனை பேருக்குத் தீங்கு போகும்? உணவைக் கையால் எட்ட முடிகிறதா? யார் கண்ணிலும் படாமல் செய்து முடிக்க முடிகிறதா? மூன்றுக்கும் உள்ளாளை மனதில் வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று விதியே சொல்கிறது. அந்த ஒரு நிபந்தனை இருப்பதால்தான் மதில்சுவரும் காவலாளியும் மதிப்பெண்ணில் பின்னுக்குப் போய்விடுகின்றன.

முழு அலசல் செய்ய ஆள் இல்லாத இடங்களுக்கு எஃப்.டி.ஏ. ஒரு குறுக்குவழியும் தருகிறது. நான்கு வகை வேலைகள் எங்கே நடந்தாலும் அவற்றை ஆபத்தான படியாக எடுத்துக்கொள்ளலாம்: திரவத்தை மொத்தமாக இறக்குவது அல்லது ஏற்றுவது, திரவத்தைத் தொட்டியில் வைத்துக் கையாள்வது, துணைப் பொருட்களைச் சேர்ப்பது, கலக்குவது. இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான். ஓரிடத்தில் சேர்ந்தது முழு லாட்டுக்கும், அதாவது ஒரே தொகுதியாகத் தயாராகும் சரக்கு முழுவதற்கும், சீராகப் பரவிவிடும்.

விதியை எழுதியவர்கள் முதல் வகைக்கு மனதில் வைத்திருந்தது பால் டேங்கராகவோ சர்க்கரைப் பாகாகவோ இருக்கலாம். ராமநாதபுரத்தில் அது தண்ணீர் லாரி. நம் நிலத்தடி நீர் உப்பு. குழாயில் வரும் காவிரி நீர் வீட்டுக்கே எட்டாத நாள் உண்டு. லாரித் தண்ணீர் இல்லாமல், சொந்த ஆர்.ஓ.வை மட்டும் நம்பி ஓடும் கம்பெனிகள் குறைவு. லாரி வருகிறது, ஓட்டுநர் குழாயை எடுத்து சம்பில் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியில்) விடுகிறார், காவலாளி சீட்டில் கையெழுத்துப் போடுகிறார். தர மேலாளர் அந்த நேரம் உள்ளே டப்பா எண்ணிக்கொண்டிருக்கிறார். அந்தத் தண்ணீர்தான் மறுநாள் கணவாய் கழுவுகிறது, உறைந்த சரக்குக்கு மெல்லிய பனிப்பூச்சுக் கொடுக்கும் கிளேசிங் தொட்டிக்குப் போகிறது, சொந்த ஐஸ் இயந்திரம் இருந்தால் ஐஸாகவும் மாறுகிறது.

ஆகவே முதல் வேலை சம்ப். அதன் மூடி பெரும்பாலான இடங்களில் ஒரு தகரமோ சிமெண்ட் பலகையோதான். கீல் வைத்த இரும்பு மூடி போட்டுப் பூட்டுங்கள். சாவி இரண்டு பேரிடம் மட்டும், ஷிப்டுக்கு ஷிப்டு கையெழுத்து வாங்கி மாறட்டும். மேல்தொட்டிக்கும் அதே. மேல்தொட்டிக்கு ஏறும் ஏணி சுவரோடு பதிந்திருந்தால் அடிப்பகுதிக்கு ஒரு கதவு வைத்துப் பூட்டலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு கேமராவின் விலைகூட இல்லை. லாரி யாருடையது, எந்தக் கிணற்றிலிருந்து எடுத்தது, ஓட்டுநர் யார் என்பது முன்கூட்டியே பட்டியலில் இருக்க வேண்டும்; பட்டியலில் இல்லாத லாரி வந்தால், தண்ணீர் எவ்வளவு அவசரமானாலும், தர மேலாளர் வந்து பார்க்கும்வரை குழாய் இறங்கக் கூடாது. குளோரின் நீங்கள் தினமும் பார்ப்பதுதான். அதையே இன்னொரு கண்ணாகவும் வைத்துக்கொள்ளுங்கள்: வழக்கமான மருந்து போட்டும் எஞ்சிய குளோரின் திடீரென்று இறங்கினால், கூட மருந்து ஊற்றிச் சரிசெய்துவிட்டுப் போகாதீர்கள். ஏன் இறங்கியது என்று கேட்டு, விடை தெரியும்வரை அந்தத் தண்ணீரை நிறுத்தி வையுங்கள்.

ஐஸ் வெளியிலிருந்து பாராக வாங்குகிறவர்கள் அதிகம். ஐஸ் கம்பெனியின் தொட்டியை நீங்கள் பூட்ட முடியாது. ஆனால் ஒரே இடத்தில் வாங்குவது, வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டுவருவது, ஐஸ் உடைக்கும் இயந்திரத்தை வேலை முடிந்ததும் மூடி வைப்பது, மறுநாள் ஓட்டும் முன் நல்ல தண்ணீரில் கழுவி முதல் வாளி ஐஸைக் கொட்டிவிடுவது ஆகியவை உங்கள் கையில் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னது சுத்தத்துக்காக நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கலாம். அப்படியானால் அதையே திட்டத்தில் எழுதலாம். புதிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, ஆனால் செய்தது யார் என்று கையெழுத்து வேண்டும்.

துணைப் பொருள் என்றால் கணவாயில் பாஸ்பேட் கரைசல், உப்பு. நண்டில் டப்பாவுக்குள் சேரும் சோடியம் ஆசிட் பைரோபாஸ்பேட். மூட்டையாக வருகிறது, தேவைக்கு எடுத்துவிட்டு வாயைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். திறந்த மூட்டை ஒரு நாள் முழுக்க, சில இடங்களில் ஒரு வாரம், கலவை மேடைக்குப் பக்கத்திலேயே சாய்ந்து நிற்கிறது. நான் பார்த்த கம்பெனிகளில் இதைவிடப் பொதுவான, இதைவிட எளிதில் தீர்க்கக்கூடிய பலவீனம் வேறில்லை. சிறு அறை ஒன்று, பூட்டு ஒன்று, எடை போட ஒரே ஆள். அன்றைய லாட்டுக்கு வேண்டியதை மட்டும் நிறுத்து, மூடியுள்ள வாளியில் போட்டு, லாட் எண் எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். மீதி மூட்டை உடனே கட்டப்பட்டு, கட்டின் மேல் தேதியும் கையெழுத்தும் போட்ட ஒட்டுத்தாள் விழ வேண்டும். அடுத்த நாள் அந்தத் தாள் கிழிந்திருந்தால் மூட்டையைப் பயன்படுத்தாதீர்கள். மூட்டையின் விலை என்ன, ஒரு கன்டெய்னரின் விலை என்ன?

கலக்கும் இடம் நண்டு ஆலையில் எது என்று சிலர் குழம்புகிறார்கள். சதை எடுக்கும் மேசை அல்ல. அங்கே ஒருவர் கெடுதல் செய்தாலும் அது ஒரு டப்போடு பெரும்பாலும் நின்றுவிடும், சுற்றிலும் பத்துக் கண்கள் இருக்கும். பல ஷெட்டுகளின் சதையை ஒரே மேசையில் கொட்டி, தரம் சேர்த்து, டப்பாவுக்கு நிரப்பும் மேசைதான் கவனிக்க வேண்டியது. அடுத்து கணவாயை ஊற வைக்கும் தொட்டி. அதில் தோல் உரித்த கணவாய் மணிக்கணக்கில் கிடக்கும். இரவில் அந்த அறையில் ஒரே ஒரு ஆள் இருப்பார், சில சமயம் அவரும் டீ குடிக்கப் போயிருப்பார். தனி ஆள் இருக்கக் கூடாது என்ற விதி இங்கே மட்டும் கட்டாயமாக இருக்கட்டும். இரண்டு பேரை வைக்க முடியாவிட்டால் தொட்டிக்கு மூடி போட்டுப் பூட்டுங்கள், அல்லது ஊறவைக்கும் வேலையைப் பகல் ஷிப்டுக்கு மாற்றுங்கள். மூன்றில் எது முடியுமோ அது.

"பாஸ்டரைஸ் செய்கிறோமே, எல்லாம் செத்துவிடுமே" என்று ஒரு வாதம் வரும். கிருமிக்கு அது பொருந்தலாம். இரசாயனத்துக்கு வெப்பம் பொறுப்பேற்காது. அந்த வாதத்தைத் திட்டத்தில் எழுதினால் தணிக்கைக்கு வருபவர் சிவப்பு மையால் அடிப்பார், அடிக்கவும் வேண்டும்.

ஷெட்டிலிருந்து ஆலைக்கு வரும் வழியை விட்டுவிடாதீர்கள். தொண்டியிலிருந்து மண்டபம் வரும் வண்டி இடையில் இரண்டு ஷெட்டில் நிற்கும், டீக்கடையில் நிற்கும். எண் அச்சிட்ட பிளாஸ்டிக் சீல்கள் மலிவாகக் கிடைக்கின்றன. டப் நிரம்பியதும் மூடியில் ஒன்று, வண்டிக் கதவில் ஒன்று. எண்கள் டெலிவரி சீட்டில் ஏற வேண்டும்; சீட்டு ஓட்டுநரோடு வந்தாலும், எண்களை ஷெட் மேஸ்திரி தனியாகத் தொலைபேசியில் ஆலைக்குச் சொல்லிவிட வேண்டும். இறக்கும்போது ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாத டப்பைத் தனியே சில் ரூமில் வையுங்கள். "வரும் வழியில் ஐஸ் போடத் திறந்தேன்" என்று ஓட்டுநர் சொல்வார். உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் திறக்கும் முன் தொலைபேசியில் சொல்லி, புது சீல் போட்டு, புது எண் சொல்லட்டும். முதல் மாதம் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடும்.

இப்போது உங்கள் பதினாறு கேமராவுக்கு வருகிறேன். கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. நடந்த பிறகு யார் என்று கண்டுபிடிக்க அது உதவும். நடக்கும்போதே தடுக்க வேண்டுமானால் திரைக்கு முன் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். எந்தக் கம்பெனியில் அப்படி உட்கார்ந்திருக்கிறார்? திரை முதலாளி அறையில் இருக்கும், அதில் பெரும்பாலும் வாசலும் வண்டி நிறுத்துமிடமும்தான் தெரியும். சம்ப், துணைப் பொருள் அறை, நிரப்பும் மேசை, ஊறவைக்கும் தொட்டி ஆகிய நான்கையும் பார்க்கும்படி நான்கு கேமராவைத் திருப்பி வையுங்கள். மீதியைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கேமராவைவிடக் கூர்மையான கண்களும் உங்களிடம் இருக்கின்றன. ஒரு கம்பெனியில் சோதனைக்காக நான் வெள்ளைக் கோட்டும் கம்பூட்டும் மாட்டிக்கொண்டு, அட்டை எதுவும் இல்லாமல், கையில் ஒரு அட்டைப்பெட்டியோடு பின்வாசல் வழியாக உள்ளே போனேன். முதலாளிக்கு மட்டும் விஷயம் தெரியும். எதிரே வந்த சூப்பர்வைசர்கள் "குட்மார்னிங் சார்" சொல்லி வழிவிட்டார்கள். சதை எடுக்கும் மேசைகளைத் தாண்டி நிரப்பும் அறைக் கதவில் கை வைத்தபோது, ஓரமாக உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். "தம்பி, நீங்கள் யார்? பெட்டியில் என்ன? மேஸ்திரி அனுப்பினாரா?" என்று வழியை மறித்துக் கேட்டார். அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரே ஃபுட் டிஃபென்ஸ் அவர்தான். அடுத்து நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். சூப்பர்வைசர் ஓடி வந்து, "சாரைப் போய்க் கேள்வி கேட்கிறாயே, உன் வேலையைப் பார்" என்று எல்லோர் முன்னாலும் அவரை அதட்டினார். இனி அந்த அம்மா யாரையாவது கேட்பாரா? பக்கத்து மேசையில் இருந்தவர்கள் கேட்பார்களா? அன்று முதலாளியிடம் நான் கொடுத்த அறிக்கையில் முதல் வரி பூட்டைப் பற்றியதல்ல, அந்த அதட்டலைப் பற்றியது.

பயிற்சி என்று திட்டத்தில் ஒரு தலைப்பு வரும். ஆபத்தான படிகளில் வேலை செய்பவர்களுக்கும் அவர்களுடைய சூப்பர்வைசர்களுக்கும் விழிப்புணர்வுப் பயிற்சி கட்டாயம். பெரும்பாலும் ஆங்கிலச் சிலைடு போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அதற்குப் பதில் மூன்று விஷயத்தைத் தமிழில் சொன்னால் போதும்: அட்டை இல்லாதவர் யாராக இருந்தாலும் கேட்கலாம், தன் இடம் அல்லாத இடத்தில் நிற்பவரைக் கண்டால் சொல்லலாம், சொன்னதற்காக ஒருவரும் திட்ட மாட்டார்கள். மூன்றாவதை முதலாளியே வந்து சொல்ல வேண்டும். வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் இந்தியிலும் ஒடியாவிலும், அவர்களுக்கு எது புரியுமோ அதில் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். அவர்கள்மேல் மட்டும் சந்தேகப் பார்வை வைப்பது ஒரு வழக்கமாகி வருகிறது. அது அநியாயம் என்பது ஒருபுறம். மேலே சொன்ன இரண்டு வழக்குகளிலும் பிடிபட்டவர்கள் அந்தந்த நாட்டுக்காரர்கள்தான் என்பது மறுபுறம். ஆதாரும் முந்தைய வேலை விவரமும் எல்லோரிடமும் ஒரே மாதிரி வாங்குங்கள்.

சந்தேகம் தப்பான பக்கம் போவதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1984-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தி டாலஸ் (The Dalles) என்ற ஊரின் உணவகங்களில் 751 பேர் சால்மோனெல்லாவால் நோயுற்றார்கள். உணவைக் கையாண்ட ஊழியர்களின் கைச்சுத்தக் குறைவாக இருக்கலாம் என்றுதான் அப்போது அரசு விசாரணை முடிவுக்கு வந்தது. பக்கத்தில் குடியேறியிருந்த ஒரு ஆசிரமக் குழுவினர் உள்ளூர்த் தேர்தலை மனதில் வைத்து வேண்டுமென்றே கலந்தது என்பது மறு ஆண்டுதான் தெரியவந்தது. அந்த ஒரு வருடம் பழியைச் சுமந்தது சாலட் நறுக்கிய ஊழியர்கள்.

சம்பள விஷயத்தைத் திட்டத்தில் எழுத ஒரு கட்டம் இல்லை. எழுதாவிட்டாலும் கணக்கில் எடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். கணவாய் வரத்து நின்றுவிடும், ஆட்களைக் குறைப்பார்கள். ஜூன் நடுவில் கடல் திறந்ததும் ஒப்பந்தக்காரர் வேனில் புது ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவார். வருடத்தில் உங்களுக்கு மிகப் பலவீனமான இரண்டு வாரம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்: புது முகங்கள், நெருக்கும் சரக்கு, தடைக்காலத்தில் நிறுத்தப்பட்டவர்களின் பாக்கிச் சம்பளம் இன்னும் ஒப்பந்தக்காரர் கையில். கிலோ கணக்கில் கூலி வாங்கும் பெண்களுக்கு எடைத் தராசு தெரியும்படி இருக்கிறதா, கழிவு என்று எவ்வளவு பிடிக்கிறார்கள், யாரிடம் முறையிடுவது? வேலையிலிருந்து நிறுத்தினால் அன்றே கணக்கை முடித்து, அட்டையையும் சாவியையும் வாங்கிக்கொண்டு, மரியாதையாக அனுப்புங்கள். நோட்டீஸ் கொடுத்துவிட்டு அதே ஆளை ஒரு வாரம் கலவை அறையில் வேலை வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எலி மருந்து, பூச்சி மருந்து, தரை கழுவும் அமிலம், ஆய்வகப் புட்டிகள் எல்லாம் பதப்படுத்தும் கட்டடத்துக்கு வெளியே, பூட்டிய அறையில், வரவு செலவு ஏட்டோடு இருக்க வேண்டும். இது உங்களுக்குத் தெரியும், சுகாதார விதியும் அதையே கேட்கிறது. கூடுதலாக ஒன்று: மாதம் ஒருமுறை ஏட்டில் உள்ள அளவும் புட்டியில் உள்ள அளவும் ஒத்துப்போகிறதா என்று அளந்து பாருங்கள். தொழிலாளர் பை, சோற்றுப் பாத்திரம், கைபேசி எல்லாம் லாக்கரில். சீருடையில் மேல்பை வேண்டாம். லாக்கர் இல்லாமல் "பை கொண்டுவராதே" என்றால் பையைக் கோட்டுக்குள் ஒளித்துத்தான் கொண்டுவருவார்கள்.

நடந்துவிட்டால், அல்லது நடந்திருக்குமோ என்ற ஐயம் வந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் ஜப்பான் ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் புகாருக்கும் அறிவிப்புக்கும் நடுவே ஆறு வாரத்துக்கு மேல் போய்விட்டது. வாடை, நிறம், சுவை பற்றிய புகார் இரண்டு வெவ்வேறு இடத்திலிருந்து வந்தால் அதைத் தரக் குறைபாடு என்ற பெட்டியில் போட்டு மூடாதீர்கள். லாட்டை நிறுத்துங்கள், எதையும் கொட்டவோ கழுவவோ வேண்டாம், அது தடயம். எந்த ஷெட், எந்த நாள், எந்தத் தொட்டி, எந்த டப்பா என்று லாட் எண்ணிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கண்டுபிடிக்க முடிகிறதா என்று இன்றே ஒரு ஒத்திகை பாருங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர், உள்ளூர்க் காவல் நிலையம், ஏற்றுமதி ஆய்வு முகமை, சரக்கு எடுப்பவர் ஆகியோரின் எண்கள் ஒரு தாளில், யார் அழைப்பது என்ற பெயரோடு இருக்கட்டும். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 59-வது பிரிவுப்படி, பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் குறைந்தது ஏழு ஆண்டு சிறையும் பத்து லட்சத்துக்குக் குறையாத அபராதமும் உண்டு. ஆயுள் தண்டனை வரை போகலாம். உணவுக் கலப்படம் பற்றிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 274, 275 பிரிவுகளும் தனியே இருக்கின்றன. கம்பெனி தன் பங்குக் காவலைச் செய்ததற்கு அந்த நேரத்தில் சாட்சியாக நிற்பது உங்கள் பதிவேடுகள்தான்.

வெறும் மிரட்டல் அழைப்புக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். 1989 மார்ச்சில் சிலி நாட்டுத் தலைநகரில் இருந்த அமெரிக்கத் தூதரகத்துக்கு, ஏற்றுமதியாகும் பழங்களில் சயனைடு வைத்திருப்பதாக ஒரு தொலைபேசி வந்தது. பிலடெல்பியா துறைமுகத்தில் சோதித்தபோது சந்தேகத்துக்குரியவையாகக் கிடைத்தவை இரண்டே இரண்டு திராட்சை. அமெரிக்கா சிலியின் பழங்களை நிறுத்தியது, மற்ற நாடுகளும் தொடர்ந்தன, அறுவடைக் காலத்தில் ஒரு நாட்டின் பழ வியாபாரமே குப்பையில் போனது. ஒருவரும் சாகவில்லை. உங்கள் அலுவலகத்தில் தொலைபேசியை எடுப்பவர் யாரோ, அவருக்கு அழைப்பு வந்த நேரத்தையும் பேசியவர் சொன்ன சொற்களையும் அப்படியே எழுதி வைக்கவும், உடனே உங்களிடம் மட்டும் சொல்லவும் சொல்லிக்கொடுத்தால் போதும்.

திட்டத்தின் வடிவம் பற்றிச் சுருக்கமாக: எந்தப் படிகள் ஆபத்தானவை, ஏன், அங்கே என்ன காவல், அதைத் தினமும் யார் பார்க்கிறார், பூட்டு திறந்து கிடந்தால் என்ன செய்வது, எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று மேலே யார் சரிபார்க்கிறார், யாருக்கு எப்போது பயிற்சி. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை முழுதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். புது இயந்திரம், புதுத் தொட்டி, புது ஷெட் வந்தால் அதற்கு முன்பே. உங்கள் அளவுக் கம்பெனிக்குப் பத்துப் பன்னிரண்டு பக்கம் தாராளம். வெளியில் விலைக்குக் கிடைக்கும் நூறு பக்க மாதிரிகளில் பாதி அமெரிக்கப் பால் பண்ணைக்கு எழுதியவை. அவற்றை வாங்கிப் பெயரை மாற்றி வைத்தால், தணிக்கையாளர் "உங்கள் பால் குளிரூட்டி எங்கே?" என்று கேட்பார். கேட்டிருக்கிறார்கள்.

அந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். முழுத் திட்டத்தையும் இணைத்து அனுப்பாதீர்கள். எந்தக் கதவு எப்போது திறந்திருக்கும், எந்தத் தொட்டியருகே இரவில் ஆள் இல்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். அது அலமாரியில் பூட்டி வைக்க வேண்டிய தாள், அறிவிப்புப் பலகைக்கும் மின்னஞ்சல் சங்கிலிக்கும் உரியதல்ல. திட்டம் இருக்கிறது, இன்ன தேதியில் மதிப்பீடு செய்தோம், இன்னார் பொறுப்பு, பயிற்சி நடந்தது என்று ஒரு பக்கத்தில் முதலாளியின் கையெழுத்தோடு அனுப்புங்கள். விவரம் வேண்டுமென்றால் அவர்களுடைய தணிக்கையாளர் மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்து படித்துவிட்டுத் திரும்பக் கொடுக்கட்டும். விவரம் தெரிந்த வாங்குபவர் எவரும் இதை மறுப்பதில்லை.